தலைநகர் விக்கிரவாண்டி

எனக்குப் பதினோரு வயதான கோடை விடுமுறையில் விழுப்புரத்தைக் கடலில் மூழ்கடித்தேன். அது போதாதென்று அதே நாளில் திண்டிவனத்தையும் மூழ்கடித்தேன். இரண்டு ஊருக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கடல் பார்க்க வேண்டுமானால் மரக்காணத்துக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனால் மாமாவின் கம்ப்யூட்டரில் ஒரு ஊரை மூழ்கடிக்க ஒரு சொடுக்கு போதும்.

அம்மா திண்டிவனத்தில் நர்ஸ். அப்பாவுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை, ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. நானும் அம்மாவும் திண்டிவனத்தில் மாமா வீட்டு மாடியில் இருந்தோம். அப்பா ஏன் அங்கே, நாம் ஏன் இங்கே என்று கேட்டால் எல்லாரும் பேசி வைத்தாற்போல் ஒரே பதிலைச் சொன்னார்கள்: வேலை அப்படி. மாதா கோயில் சாமியார் இரண்டு முறை வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணி, காபி குடித்துவிட்டுப் போனார். வேலை மாற்றத்துக்காக ஜெபிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அதை நம்பியதற்கு என்னிடம் ஆதாரமும் இருந்தது. அம்மாவின் சாவிக்கொத்தில், மாதா படம் பதித்த சின்னப் பதக்கத்துக்குப் பக்கத்தில், குவார்ட்டர்ஸ் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. மாடிச் சாவியையும் ஆஸ்பத்திரி அலமாரிச் சாவியையும்விட அதுதான் பெரியது. திரும்பிப் போகாத வீட்டின் சாவியை யாராவது தினமும் டியூட்டிக்குச் சுமந்துகொண்டு போவார்களா? எப்போதாவது மனசு கலங்கினால் அந்தக் கொத்தை எட்டிப் பார்த்துக்கொள்வேன். சாவி இருக்கும். சமாதானமாகிவிடுவேன்.

சனிக்கிழமை மத்தியானம் என்னை விக்கிரவாண்டியில் வைத்துக் கைமாற்றுவார்கள். அம்மா விழுப்புரத்துக்கு வரமாட்டாள், அப்பா திண்டிவனத்துக்கு வரமாட்டார். அதனால் நடுவில் விக்கிரவாண்டி. உண்மையில் அது நடுவே அல்ல, விழுப்புரத்துக்குத்தான் பக்கம். அதிலும் அம்மாவுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு டீக்கடை வாசலில் அப்பா பைக்கோடு நின்றிருப்பார். எதிரெதிரே நின்றுகொண்டே இரண்டு பேரும் என் வழியாகப் பேசிக்கொள்வார்கள். "நாளைக்கி நாலு மணிக்கி ஜல்தியா கொண்டாந்து வுடச் சொல்லு" என்பாள் அம்மா, அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்து. "வர்றேன்னு சொல்லு" என்பார் அப்பா, பைக் கண்ணாடியைப் பார்த்து. ஒருவர் சொன்னது மற்றவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். ஆனாலும் நான் இரண்டு பக்கமும் ஒப்பித்தாக வேண்டும்.

இந்தப் போக்குவரத்தில் எனக்கு ஓரிடத்தில் உட்காரவே முடியாமல் போய்விட்டது. வெள்ளிக்கிழமையே கால் பரபரக்கும். விழுப்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததிலிருந்து கண் கடிகாரத்திலேயே இருக்கும். பையிலிருந்து துணிகளை எடுத்து அடுக்கவே மாட்டேன். சாப்பிடும்போதுகூட செருப்பைக் கழற்றாமல் திட்டு வாங்கியிருக்கிறேன். அங்கே நடந்ததை இங்கே சொல்லக் கூடாது என்பதையும் யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டேன். அம்மா வேர்க்கடலை வறுத்து மல்லாட்டைச் சட்னி அரைத்ததைச் சொன்னால் அப்பா எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அப்பா செருப்பு வாங்கித் தந்ததைச் சொன்னால் அம்மா பாத்திரங்களை மடார் மடாரென்று கழுவுவாள்.

மாமாவுக்கு வீட்டின் கீழேயே டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், மஞ்சள் நீராட்டு பேனர். மற்ற கடைக்காரர்களெல்லாம் விலை உயர்ந்த மென்பொருளைத் திருட்டு சிடியில் ஏற்றி வைத்திருந்தபோது மாமா மட்டும் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்த ஒன்றை வைத்திருந்தார். திறந்ததும் வாயில் பிரஷ்ஷைக் கவ்விக்கொண்டு ஒரு மிருகம் வந்து முழிக்கும். "இது ஓசி இல்ல, சட்டப்படி ஓசி" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். மாமாவிடம் காசு பெயராது என்பது ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

விடுமுறையில் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்த என்னை அடக்கத்தான் மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். இல்லாத நாடுகளுக்கு வரைபடம் வரைவது எப்படி என்று இங்கிலீஷில் படம்போட்டு விளக்கிய ஒரு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துத் தந்தார். "இத பாத்துப் பண்ணிக்கினு இரு, என்னப் பேஜாரு பண்ணாத."

அந்த வித்தை என்னைப் பிடித்துக்கொண்டது. முதலில் திரை முழுக்க மேகம் கொட்ட வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டரே கறுப்பும் வெள்ளையுமாகக் கொட்டும். பிறகு ஒரு கோட்டின்மேல் முக்கோணத்தை நகர்த்தி, இவ்வளவு வெளுப்புக்கு மேலிருப்பது நிலம், மற்றதெல்லாம் கடல் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். சொன்ன உடனே ஒரு நாடு பிறக்கும், கரைகளோடும் தீவுகளோடும். முக்கோணத்தைக் கொஞ்சம் தள்ளினால் கடல் ஏறி நாடு சுருங்கும், இழுத்தால் விரியும். எந்த நாட்டிலும் எனக்கு நிலைகொள்ளவில்லை. மலை வைத்துப் பாதி காடு நடுவதற்குள் அலுத்துப்போய் அழித்துவிட்டு மறுபடி மேகம் கொட்டுவேன். நடுநடுவே கரண்ட் போய் அதுவே சில நாடுகளை அழிக்கும்.

ஒருநாள் வந்த நாடு மட்டும் என்னை நிறுத்தியது. மேலே ஒரு பெரிய நிலம், கீழே ஒரு பெரிய நிலம், இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெல்லிசாக ஒரு கழுத்து. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மேலே திண்டிவனம், கீழே விழுப்புரம், கழுத்தில் விக்கிரவாண்டி. விக்கிரவாண்டியைத் தலைநகராக்கி டீக்கடை இருக்கும் இடத்தில் தங்க நிறத்தில் ஒரு அரண்மனை கட்டினேன். இரண்டு நாட்டு ராஜாக்களும் வாராவாரம் சந்திக்கிற இடம் தலைநகராக இல்லாமல் வேறென்ன? செஞ்சி மலைகளைக் கொண்டுவந்து மேற்கே வைத்தேன். பெண்ணையாற்றைக் கடலிலிருந்து ஆரம்பித்தபோது, ஆறு மலையிலிருந்துதான் இறங்க வேண்டுமென்று மாமா திருத்தினார்.

மென்பொருளில் லேயர் என்று ஒன்று உண்டு. கண்ணாடித்தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல. கடல் ஒரு தாளில், திண்டிவனம் ஒன்றில், விழுப்புரம் ஒன்றில், விக்கிரவாண்டி ஒன்றில் இருந்தன. ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் குட்டியாக ஒரு கண். அதை அழுத்தினால் அந்தத் தாள் மறையும், அழியாது. மறுபடி அழுத்தினால் வந்துவிடும்.

டியூட்டி முடிந்து அம்மா கடைக்குள் வந்த சத்தம் கேட்டதும் என் விரல் தானாகப் போய் விழுப்புரத்தின் கண்ணை மூடியது. அந்த இடத்தில் நீலமாகக் கடல் தெரிந்தது. அம்மா தோளுக்கு மேலாக ரொம்ப நேரம் பார்த்தாள். ஆஸ்பத்திரியையும் கோயில் கோபுரத்தையும் மாமா கடையையும் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டாள். "இதுல எனக்கு ஒண்ணு போட்டுக் குடுடி, செவுத்துல மாட்டிக்கிறேன்" என்றாள். அம்மாவுக்கு ஒன்று என்றால் அப்பாவுக்கும் ஒன்று வேண்டுமே. அதற்குத் திண்டிவனத்தின் கண்ணை மூடினேன்.

பிரிண்ட் போடுவதற்கு முன் எல்லாத் தாளையும் ஒரே தாளாகத் தட்டிவிட வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். அம்மாவின் படத்தைத் தட்டி, பிரிண்ட் எடுத்து, பின்வாங்கும் பொத்தானை அழுத்திப் பழையபடி ஆக்கினேன். அப்பாவின் படத்தைத் தட்டி முடித்தபோது மாமா கடையைப் பூட்ட அவசரப்படுத்தினார். அப்படியே சேமித்து மூடிவிட்டேன். பளபளப்பான இரண்டு தாள்களையும் மாமா பழைய செய்தித்தாளில் தனித்தனியாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுத் தந்தார். "ரெண்டு ஊரையும் ஒண்ணா போட்டிருக்கலாமே?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அம்மாவுக்கு அவளுடையதை இன்னும் கொடுக்காததால், சனிக்கிழமை இரண்டு சுருளும் என் பையில் இருந்தன. டீக்கடை வாசலில் அப்பா, "பையில என்ன பாப்பா நீட்டிக்கினு இருக்கு?" என்றார். பெருமை தாங்காமல் ஒன்றை உருவிக் கொடுத்தேன். அப்பா பெஞ்சில் விரித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். திண்டிவனம் வந்தது. விக்கிரவாண்டி அரண்மனை வந்தது. அதற்குக் கீழே விரல் கடலில் இறங்கி நின்றது. அங்கே நான் ஒரு திமிங்கிலம் விட்டிருந்தேன்.

"விழுப்புரம் எங்க?" என்றார்.

"அது அம்மாவோடதுப்பா, மாத்திக் குடுத்துட்டேன்" என்று அவசரமாக மற்றதையும் உருவினேன். பதற்றத்தில் அதுவும் அங்கேயே விரிந்துகொண்டது. இதில் விழுப்புரம் இருந்தது, ஜங்ஷன் தண்டவாளங்களெல்லாம் பிரிந்து பிரிந்து அழகாக ஓடின. அம்மா பஸ்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கிட்டே வந்தாள். திண்டிவனம் இருக்க வேண்டிய இடத்தைக் குனிந்து பார்த்தாள். தண்ணீர்.

"ஏன்டி ரெண்டு?"

"அங்க இருக்கறத இங்க காட்டக் கூடாது, இங்க இருக்கறத அங்க காட்டக் கூடாது இல்ல? அதான் மறைச்சி மறைச்சி போட்டேன்."

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். திட்டு விழப்போகிறது என்று தயாரானேன். அதற்குள் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "எந்த ஊரு மேப்பு சார் இது? நம்ம ஊர இம்மாம் பெருசா போட்டுகீது?" என்றார். "தலைநகரம்ங்க" என்றார் அப்பா. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை. தோள் குலுங்கியது. அப்பா தன் டீ டம்ளரை அவள் பக்கமாக நகர்த்தினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீ ஆறிப்போச்சி, வேற சொல்லுங்க" என்றாள். என்னிடம் அல்ல, நேராக அப்பாவிடம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என்னைப் பஜ்ஜி வாங்க அனுப்பினார்கள். நான் வேண்டுமென்றே எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் எனக்கு எந்த அவசரமும் இல்லை. பெஞ்சில் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் பஸ் ஒன்று வந்து போனது, இன்னொன்றும் போனது. அவள் எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்ததும், அடுத்த வாரம் இரண்டு ஊரும் ஒன்றாக இருக்கிற முழுப் படத்தையே கொண்டுவருகிறேன் என்று அறிவித்தேன். கொண்டு வா என்றார் அப்பா. அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தால், முழுப் படம் இல்லை. கண் போட்ட தாள்கள் ஒன்றுகூட இல்லை. அப்பாவுக்காகத் தட்டியது தட்டினபடி கிடந்தது, திண்டிவனத்தின் இடத்தில் கடல். மறைத்து வைத்துக்கொண்டு தட்டினால் மறைத்தது அழிந்துபோகும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கப் பித்துப் பிடித்தவளாக மேகம் கொட்டினேன். மேகம் ஒரு தடவை விழுந்தாற்போல் மறுதடவை விழவே இல்லை. அந்தக் கழுத்து வரவே இல்லை. முழுப் படம் கொண்டுபோகாவிட்டால் அவர்கள் மறுபடி என் வழியாகப் பேச ஆரம்பித்துவிடுவார்களோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை வெறுங்கையோடு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி வந்தது. நான் எழுந்து நின்றேன். "உக்காரு" என்றாள் அம்மா. பஸ் கிளம்பியது. டீக்கடை பின்னால் போனது, அங்கே அப்பா இல்லை. அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு விழுப்புரம் வரை வந்தாள்.

அதன் பிறகு அவர்கள் ஒரு நாளும் என் முன்னால் சண்டை போட்டதில்லை. அப்பா திண்டிவனத்துக்கே வந்து என்னை அழைத்துப் போவார், மாமாவோடு உட்கார்ந்து காபி குடிப்பார். அம்மாவின் சட்னியைப் பற்றி அப்பாவிடமும் அவர் வாங்கிய செருப்பைப் பற்றி அம்மாவிடமும் தாராளமாகப் பேசலாம். ஆனால் அவர்கள் ஒரே வீட்டில் மறுபடி இருக்கவும் இல்லை. படத்தை விரித்த அன்றைக்கு அந்த டீக்கடை பெஞ்சில்தான் இரண்டு பேரும் இனி சேர்வதில்லை என்று முடிவு செய்தார்கள் என்பதை மாமா சொல்லி நான் தெரிந்துகொண்டபோது கல்லூரியில் இருந்தேன். சேர்வதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தவரை ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் இருந்தது. விட்டுவிட்டதும் அது போய்விட்டது.

என்னோடு விழுப்புரம் வரை வந்த அந்தச் சனிக்கிழமை, குவார்ட்டர்ஸில் அம்மா தண்ணீர் வாங்கிக் குடித்தாள். சமையலறையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். புறப்படும்போது கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, நகத்தால் வளையத்தை நெம்பி, பெரிய சாவியைக் கழற்றி டிவி மேல் வைத்தாள். அப்பா அதைப் பார்த்தார். பத்திரமாகப் போகச் சொன்னார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. சாவி வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. அம்மாவுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது, இனி அவள் அதைச் சுமந்துகொண்டு அலைய வேண்டியதில்லை, நேராக வந்து இறங்கினால் போதும் என்று முடிவு கட்டிவிட்டேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக என் பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினேன். அடுத்த வாரம், கழுத்து இல்லாத புது நாடு ஒன்றில் இரண்டு ஊர்களையும் எதையும் மறைக்காமல் வரைந்தேன். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் பெரிதாக ஒரு சாவி போட்டேன். அம்மா அந்தச் சாவியை வெகு நேரம் பார்த்துவிட்டு ரொம்ப நல்லா இருக்கு என்றாள். இரண்டு வீட்டுச் சுவரிலும் அந்தப் படத்தை மாட்டினார்கள்.