ஒரே அளவில் பதினாறு சட்டைகள்

தையல்காரிக்குப் பொறாமை வந்தால் மிஷின் காட்டிக்கொடுத்துவிடும். அன்று காலையிலேயே நூல் மூன்று முறை அறுந்தது.

காரணக்காரி எதிரே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியின் உதவி அறையில் ஆலோசகர். பலாத்காரத்துக்கு ஆளான பெண்கள் நேராக அங்கே வரலாம். உடுத்தி வந்த துணியைத் தடயத்துக்காக வாங்கிக்கொள்வார்கள். வீடு திரும்ப அவர்களுக்கு மாற்றுத்துணி வேண்டும். இரண்டு வருடமாக அதைத் தைத்துக் கொடுப்பவள் இந்தத் தையல்காரி.

"ரூமை மூடிட்டு அட்டைப்பெட்டி அடுக்கப் போறாங்களாம்க்கா. மூடக்கூடாதுன்னு மனு எழுதியிருக்கோம். தெருவுல இன்னும் உங்க கையெழுத்துதான் பாக்கி. சாயங்காலம் கொடுத்தாகணும்."

"வேலை கிடக்கு. அப்புறம் பாக்கலாம்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. கையெழுத்தையும் அளவெடுத்துத்தான் போடுவீங்களா?"

தையல்காரி சிரிக்கவில்லை. அந்த அறையை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும். உள்பக்கம் தாழ்ப்பாள். சூடாகத் தேநீர். உட்கார்ந்ததும் 'நீ சொல்றதை நம்புறேன்' என்று ஒரு குரல். பத்தொன்பது வயதில், வேலை பார்த்த தையல்கூடத்தின் மேஸ்திரி செய்ததை அவள் வீட்டில் சொன்னபோது, அம்மா கிழிந்த சட்டையை அடுப்பில் போட்டாள். அப்பா 'விதி' என்றார். அந்த விதிக்கு மீசை இருந்தது. மறுநாளும் ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்தது. அவளும்தான் போனாள்.

எனக்குக் கிடைக்காதது இவளுகளுக்கு மட்டும் எதுக்கு? நினைத்ததும் கூசியது, ஆனாலும் நினைத்தாள். பறித்தவன் மேல் போகவேண்டிய கோபம் முப்பத்துமூன்று வருடம் வழி தெரியாமல் அலைந்து, இப்போது அந்தத் தேநீர்க் கோப்பைமேல் வந்து விழுந்தது.

"இன்னொண்ணும் சொல்லணும்க்கா. போன தடவை தந்த பதினாறு செட்டும் ஒரே அளவு."

"சின்னப் பொண்ணுங்கதானே வருவாங்க."

"நேத்து வந்தவங்களுக்கு அம்பது வயசுக்கு மேல. எதுவும் ஏறல. போர்வையைச் சுத்திக்கிட்டுப் போனாங்க."

மிஷின் நின்றது. அது யாருடைய அளவு என்பது அவளுக்குத்தான் தெரியும். அடுப்பில் எரிந்த சட்டையின் அளவு.

"அந்த வயசுலயுமா வந்து சொன்னாங்க?"

"அதுக்கு ஏதுக்கா வயசு? எப்பவோ நடந்ததைச் சொல்லவும் வர்றாங்க. அவங்களுக்கு மாத்துத்துணி தேவையில்ல. ஒரு நாற்காலி போதும்."

 தையல்காரி மனுவை இழுத்து, துணியில் கோடு போடுவதுபோல் அழுத்தி ஒப்பமிட்டாள்.

"உங்க டீயில சர்க்கரை போடுவீங்களா?"

"கேட்டுட்டுத்தான் போடுவோம்."

"அதையும் கேப்பாளுகளாம்," என்று முணுமுணுத்தாள். பொறாமை தீர்ந்தபாடில்லை. அளவு நாடாவை எடுத்து, ஐம்பத்திரண்டு வயதுத் தன் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள்.

"பதினேழாவது செட்டுக்கு இந்த அளவு. குறிச்சுக்கோ."