ஒற்றை வரி மனிதர்களைத் தேடிப்போனவர்

வெள்ளிக்கிழமை காலை மாம்பலம் ஸ்டேஷன் படியில் கூட்டத்தோடு இறங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் பதிப்பகத்தின் ஆசிரியர் மெஹருன்னிசா அவர்கள் விடியற்காலையில் காலமாகிவிட்டார்கள். படியிலேயே நின்றுவிட்டேன். "இன்னா சார், நடுவுல நின்னுக்கினு கீறே!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

தி.நகரில் சுயமுன்னேற்ற நூல்களாகப் போட்டுப் பிழைக்கும் பதிப்பகம் எங்களுடையது. நான் மெய்ப்புப் பார்ப்பவன். மெஹருன்னிசா அவர்கள், வெற்றிக் கதை எது வந்தாலும், ஒரே வரியில் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போகும் ஆட்களைப் பென்சிலால் வட்டமிடுவார்கள். பிறகு கைப்பையை மாட்டிக்கொண்டு அந்த ஆட்களைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். "ஜெயிச்சவர் சொல்றது பாதிக் கதைதான் சார். மீதிய யாராவது போய்க் கேக்கணுமில்ல?" என்பார்கள்.

ஒருமுறை பாண்டி பஜார் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் தன் வரலாற்றை எழுதிக்கொண்டு வந்தார். விடிகாலையில் எழுந்தே உயர்ந்தாராம். நடுவில் ஒரு வரி: 'என் தம்பியும் எதிர்ச்சாரியில் கடை வைத்தான், சோம்பலால் இழந்தான்.' அதில் வட்டம் விழுந்தது.

தம்பியை அவர்களும் நானும் வடபழனியில் கண்டுபிடித்தோம். யாருடைய கடையிலோ புடவை மடித்துக்கொண்டிருந்தார்.

"நானும் அண்ணன்கூடவே தாம்மா எய்ந்தேன். பாலம் கட்டத் தோண்டுனாங்க. என் பக்கம் வழிய அடச்சாங்க, அவர் பக்கம் அடைக்கல. அவ்ளோதான், கடை போச்சு. எல்லாரும் என்னச் சோம்பேறின்னாங்க. எம்பொண்ணே அத நம்பிக்கினு கீது."

மறுநாள் இதைச் சொன்னதும் முதலாளி கொதித்தார். "அப்ப நான் சும்மா மேல வந்துட்டேன்றீங்களா?" பதிப்பாளர் 'வேண்டாம்' என்று அவர்களுக்கு ஜாடை காட்டினார். இந்தப் புத்தகம் கைநழுவினால் எல்லோரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மெஹருன்னிசா அவர்கள் குரலை உயர்த்தவேயில்லை.

"உங்க உழைப்பு நெஜம்தான் அண்ணே. உங்க வாசல்ல தோண்டியிருந்தா, இந்தப் புஸ்தகத்த யாரு எழுதியிருப்பாங்க?"

முதலாளி அந்தப் பக்கத்தை இன்னொருமுறை படித்தார். பிறகு பேனாவை வாங்கி, அந்த வரியைத் தானே அடித்தார். 'என் தம்பி என்னைவிட அதிகம் உழைத்தான்' என்று எழுதி, பாலத்தின் கதையையும் சேர்த்தார். அப்பப்பா, என்ன தைரியம் அந்தம்மாவுக்கு! இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை அவர்களின் அடக்கத்துக்கு அந்தத் தம்பி வந்திருந்தார். தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, பள்ளிவாசல் வாசலில் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புஸ்தகம் வந்த அன்னிக்கு எம்பொண்ணு அந்தப் பக்கத்தப் படிச்சிச்சு சார். படிச்சிட்டு, 'மன்னிச்சுக்கோ நைனா'ன்னு கால்ல வுயிந்துச்சு."

அவர்களைக் கிடத்தியிருந்த சந்தூக்கைத் தூக்கினார்கள். அவர் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். நானும் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள் அம்மா.