ஈரக் கயிறும் வெள்ளிக் கொடியும்

மலாக்கா பக்கத்து டுரியான் துங்காலில் என் கையால் எழுந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்ற மூன்று லாரிகள். சொந்த நிலத்தில் கல்வீடு. கோயில் மண்டபத்துக்குக் கூரை. பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலையில் பொறியாளராக ஒரு மகன். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துக்கூட்டிப் படிக்கவே லாரி வாங்கிய பிறகுதான் பழகினேன். யாரும் தூக்கிவிடவில்லை, நானே எழுந்தேன்.

இவ்வளவும் செய்தவனை ஓர் அரிப்பு உட்கார வைத்துவிட்டது.

இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை. வட்டம் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, வியர்வை பட்டால் நெருப்பாக எரியும். நாலு பேர் நடுவே சொறியவும் முடியாது. பேரன் பிறந்து வீட்டுக்கு வந்த நேரம் அது. முப்பதாம் நாள் பிள்ளைக்கு அரைஞாண் கட்டுவோம். எங்கள் குடும்பத்தில் அப்பாவைப் பெற்ற தாத்தாதான் கட்டவேண்டும். அதற்கென்றே மலாக்கா நகைக்கடையில் சொல்லி ஒரு வெள்ளிக் கொடி செய்து வைத்திருந்தேன்.

மருமகள் அறை வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. அது ஒட்டிக்கும் லா. நல்லாகட்டும், அப்புறம் தூக்குங்க.”

“முப்பதுக்குள்ள ஆத்திக் காட்டுறேன் பாரும்மா.”

வீட்டுக்குப் பின்னால் நான் நட்ட சீமை அகத்தி நிற்கிறது. மஞ்சள் பூ மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்திருக்கும். தோட்டத்தில் எங்களுக்குப் படர்தாமரை மருந்தே அதுதான். இலையை உப்புக்கல்லோடு அரைத்து, தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினேன். வேப்பிலை கொதித்த தண்ணீரில் குளித்தேன். வயிற்றுப் பக்கம் காய்ந்து உதிர்ந்தது. முதுகுப் பக்கம் கை எட்டவில்லை. மனைவி இருந்திருந்தால் பூசியிருப்பாள். மகனைக் கூப்பிட வாய் வரவில்லை. நான் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நிற்பதைப் பார்த்துவிட்டு அவனே வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டான்.

ஆனால் காய்ந்த இடத்திலேயே மறுபடி முளைத்தது, கோடு போட்ட மாதிரி இடுப்பைச் சுற்றி. இன்னும் அரைத்தேன், இன்னும் பூசினேன். முப்பதாம் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

மகன் கிளினிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான். சட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள்.

“அங்கிள், இந்த அருணாக்கயிறு எப்ப கட்டுனது?”

“போன திருவிழாவுல. கழட்டக் கூடாதும்மா.”

“குளிச்சா அது காயுதா?”

“இடுப்புல கெடக்கிற கயிறு எப்படிக் காயும்?”

“அதான் லா! நீங்க ஒரு பக்கம் மருந்து போடுறீங்க, ஈரக் கயிறு ஒரு பக்கம் வளக்குது. வெட்டிப் போடுங்க. கிரீம் தரேன், வாரக்கணக்கா பூசணும்.”

இத்தனை நாளும் கயிற்றை ஒதுக்கி ஒதுக்கி, அதன் அடியில்தான் இலையைப் பூசியிருக்கிறேன்! எங்கள் பக்கம் ஓர் ஆண் இடுப்பில் அரைஞாணை அறுப்பது அவன் செத்த பிறகுதான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தரிக்கோலை வைத்தேன். வெட்டிய பிறகும் இடுப்பைத் தடவிக்கொண்டே இருந்தேன். துணியில்லாமல் நிற்பது போலிருந்தது.

ஆறத் தொடங்கியது. ஆனால் ஆறி முடியும்வரை முப்பதாம் நாள் காத்திருக்குமா?

“சம்பந்தி, நான் கட்டிடவா?” என்று முப்பதாம் நாள் காலையில் மருமகளின் அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்.

“கட்டுங்க. கொக்கி புள்ளைக்குக் குத்தாமப் பாத்துக்குங்க.”

விசிறிக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். லாரி ஓட்டிய கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. வந்தவர்கள், “தாத்தா போட்ட கொடி அழகா இருக்கு லா!” என்று அவரிடம் சொன்னார்கள். அவர் சிரித்தார். திருத்தவில்லை. எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் நான் இல்லை.

இப்போது தோல் சுத்தமாகிவிட்டது, பேரனும் என் மடிக்கு வந்துவிட்டான். ஆனால் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். அதனால் எழுதி வைக்கிறேன்: கொடி செய்தது நான். அதைப் பேரன் இடுப்பில் என் கையால் கட்டுவதற்காக என் கயிற்றை உயிரோடு அறுத்தவனும் நான். கட்டியது அந்தத் தாத்தா, கொடி இந்தத் தாத்தாவுடையது என்று சொல்லாமல் என் வீட்டில் யாரும் அவனுக்கு அந்தப் படத்தைக் காட்டக் கூடாது.