முப்பத்தெட்டேகால்

கதவைத் தாழிட்டு, தாழ் சரியாக விழுந்ததா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்து, குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தை உண்டாக்கிக்கொண்ட பிறகுதான் அவர் டேப்பை வெளியே எடுப்பார். குளியலறை அலமாரியில் ஒரு காலி பவுடர் டப்பா இருக்கிறது. அதற்குள் சுருண்டு கிடக்கும் அது, யாருக்கும் தெரியாமல் அவர் தமக்கென்று வாங்கிய புது டேப். ஞாயிறு காலை அக்கா மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போகிற இருபது நிமிடம்தான் கணக்கு. தன் தோளைத் தானே அளப்பது எப்பேர்ப்பட்ட தையல்காரருக்கும் ஆகாத காரியம். அவர் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, இரண்டு தோள் முனைக்கும் நேராகச் சாக்பீஸால் கோடு போட்டு, விலகி வந்து அந்தக் கோடுகளுக்கு நடுவே அளப்பார். பிறகு மார்பு, இடுப்பு, சீட் என்கிற பின்புறச் சுற்றளவு. எண்களைச் சுவரிலேயே எழுதி, வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு குவளை தண்ணீரை வீசி அழித்துவிடுவார். கடைசியாக அழிவது சீட் அளவு. முப்பத்தெட்டேகால்.

யூனிஃபார்ம் தைக்கிற கடையில் அளவெடுப்பது அவருடைய வேலை. ஆஸ்பத்திரி, ஓட்டல், செக்யூரிட்டி ஆபீஸ் என்று ஆர்டர் கிடைக்கிற இடத்துக்கெல்லாம் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். வரிசையில் நிற்கிற அறுபது எழுபது பேரை ஒரு மதியத்துக்குள் அளந்து முடிப்பார். வயது முப்பத்தேழு. தாடி என்று சொல்லிக்கொள்ள மோவாயில் நாலு முடி. எந்த அளவைச் சொன்னாலும் கூடவே “அரை இஞ்சு விட்டுக்கலாங்க” என்று சேர்த்துக்கொள்வதால், கடையில் எல்லோருக்கும் அவர் அரை இஞ்சு. முதலாளி பில் புத்தகத்தில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

அவர் அளவெடுக்கிற அழகே தனி. ஆள் மேல் விரல் படாது. டேப் மட்டும்தான் படும். வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறவர்களிடம், “மூச்ச விட்டுடுங்க சார். நீங்க மறைச்சாலும் பேன்ட் காட்டிக் குடுத்துரும்” என்பார். கூச்சப்படுகிற பெண்களிடம் டேப்பை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு எண்ணை மட்டும் கேட்டு எழுதுவார். “உடம்பு பொய் சொல்லாதுங்க, ஆளுங்கதான் சொல்லுவாங்க” என்பது அவர் அடிக்கடி சொல்கிற வாசகம். வேடிக்கையாகச் சொல்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவரோ அந்த ஒரு வாசகத்தை நம்பித்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தார்.

விஷயம் இதுதான். எட்டு வயதிலிருந்தே அவருக்குத் தாம் ஆண்பிள்ளை இல்லை என்று தோன்றிக்கொண்டிருக்கிறது. தோன்றுவது என்றால் பேயறைந்த மாதிரி ஒரு நாள் தோன்றி மறைவதல்ல. பல் துலக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, பட்டன் காஜாவைச் சரிபார்க்கும்போது, சாதாரணமாக, பசி எடுப்பதுபோலத் தோன்றும். அதற்கு ஒரு சொல் உண்டு என்பதே அவருக்கு இருபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. திருநங்கை என்கிற அந்தச் சொல்லை இன்றுவரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை. சொன்னால் சுவர் கேட்டு அக்காவிடம் போய் ஒப்பித்துவிடும் என்கிற பயம்.

பயம் அக்காவிடம்தான். அடிப்பார் என்றல்ல. அம்மா போனபோது இவருக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. தனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்கிற நினைப்பைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டே தலை நரைத்தவர். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. அவர் ஒரு அதட்டல் போட்டால் முப்பது பிள்ளைகளும் கப்சிப். அப்படிப்பட்டவர் முன்னால் போய், “அக்கா, எனக்கு அப்படித் தோணுது” என்று எந்த முகத்தோடு நிற்பது? தோன்றுவதை யார் ஒப்புக்கொள்வார்கள்? அளவு வேண்டும், எண் வேண்டும், கையில் காகிதம் வேண்டும். உடம்பே அப்படித்தான் அமைந்திருக்கிறது என்று காட்ட முடிந்தால் அக்கா அழுவார், ஆனால் வெறுக்க மாட்டார். இவர் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கணக்குக்காக அவர் தேடாத ஆதாரம் இல்லை. மோதிர விரலைவிட ஆள்காட்டி விரல் நீளமாக இருந்தால் அது பெண்தன்மைக்கு அடையாளம் என்று போனில் எங்கோ படித்தார். அன்றிலிருந்து பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கிற கைகளையெல்லாம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். கண்டக்டரின் விரல் அவர் கட்சியில் சேர்ந்தது. அக்காவின் விரல் எதிர்க்கட்சியில் சேர்ந்தது. முழங்கை வளைவு, மணிக்கட்டின் சுற்றளவு, பதினான்கு வயதில் லேசாகப் புடைத்து அப்படியே நின்றுவிட்ட மார்பு, போனில் பேசினால் “சொல்லுங்க மேடம்” என்று எதிராளி சொல்ல வைக்கிற குரல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். சிலர் ஆண், பெண் இரண்டு வரையறைக்குள்ளும் அடங்காத உடலோடு பிறப்பதுண்டு, அதற்கு இடைப்பால் என்று பெயர் என்று படித்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி இருந்துவிடுமோ என்று ஒரு பயம். அப்படி இல்லாமல் போய்விடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

எல்லாச் சாட்சியிலும் தலையாய சாட்சி கடை நோட்டுத்தான். நாலாயிரம் பேர் அளவு அதில் இருந்தது. தம்முடைய உயரமும் இடுப்பும் உள்ள ஆண்களைத் தேடிப் பார்த்தார்: சீட் முப்பத்தாறரையிலிருந்து முப்பத்தேழரை, அதற்கு மேல் ஒருவரும் இல்லை. பெண்களைப் பார்த்தார்: முப்பத்தெட்டில் ஆரம்பித்து நாற்பதுவரை. அவருடையது முப்பத்தெட்டேகால். அன்றைக்குத்தான் அவர் முதலாளி காசில் இல்லாமல் தம் காசில் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். காரணம் கேட்டதற்கு, “சும்மாதான்” என்றார்.

அந்த நிம்மதிக்கும் ஆயுள் முடிந்தது. ஓட்டல்காரர்களுக்குத் தைத்த இருபத்திரண்டு பேன்ட்டும் ஒன்று விடாமல் இறுக்கம் என்று மூட்டையாகத் திரும்பி வந்தன. பரிமாறக் குனிந்த ஒருவருடையது வாடிக்கையாளர் முன்னாலேயே கிழிந்துவிட்டதாம். ‘அரை இஞ்சு’வே தப்பாக அளந்துவிட்டார் என்றால் கடையில் யாரும் நம்பத் தயாராக இல்லை. முதலாளி யோசித்து, அளவெடுக்கிற பழைய டேப்பையும், வெட்டுகிற மேசைக்குப் போன வாரம் வாங்கின புது டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார். புதுசில் நாற்பது இருந்த இடத்தில் பழசு முப்பத்தொன்பதேகால் காட்டியது. பத்து வருஷம் ஊரார் இடுப்பையெல்லாம் சுற்றிச் சுற்றி, பழைய டேப் முக்கால் இஞ்சு நீண்டுபோயிருந்தது. அதனால் எந்த உடம்பையும் அது குறைத்தே சொல்லிவந்தது. இத்தனை நாளும் அதே டேப்பால் அளந்து அதே டேப்பால் வெட்டியதில் பொய்க்குப் பொய் சரியாகப் போய், வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது.

“டேப்புக்கும் வயசாவுதுய்யா, உன்னத் திட்டி என்ன பண்றது” என்றார் முதலாளி. கடையே சிரித்தது. அவர் ஒருவர் மட்டும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நோட்டில் உள்ள நாலாயிரம் பேரும் பழைய டேப்பில் அளந்தவர்கள். தம்மை மட்டும் அவர் அளந்தது பவுடர் டப்பாவில் ஒளித்துவைத்த புதியதில். குப்பைக்குப் போக இருந்த பழைய டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், அந்த ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் சுற்றிப் பார்த்தார். முப்பத்தேழரை. தண்ணீர் வாளி நிரம்பி வழிந்து காலை நனைப்பதுகூடத் தெரியாமல், வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு இருந்தார். தம் வாழ்க்கை முழுவதும் அந்த முக்கால் இஞ்சில்தான் தொங்கிக்கொண்டிருந்ததோ என்று நினைக்க அழுகை வந்தது.

இனி டாக்டர்தான் கதி என்று, காதும் காதும் வைத்தாற்போல் ஊருக்கு மறுகோடியில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியைத் தேடிப் போனார். போன இடத்தில் முதல் ஆளாக எதிரே வந்த நர்ஸ், “அளவு சார்தானே? எங்க பழைய ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே” என்று கேட்டுவைத்தார். இவர் வயிற்றுவலி என்றார். வயிற்றுவலிக்காரர்கள் உட்காருகிற வரிசையில் அந்த நர்ஸே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுப் போக, அங்கிருந்து நழுவிச் சரியான அறைக்குப் போய்ச் சேருவதற்குள் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரமும் அவர் யாரை அளந்தாலும் எண்ணை இரண்டு முறை கேட்டு எழுதினார்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. மூன்றாம் வாரம் காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, ஹார்மோன், குரோமோசோம், ஸ்கேன் எல்லாமே சாதாரண ஆண் உடம்புக்கு உள்ளபடிதான் இருக்கிறது, இடைப்பால் என்று சொல்ல ஒன்றுமில்லை என்றார். மார்பு புடைப்பது நிறையப் பையன்களுக்கு வருவது, சிலருக்குப் போகாமல் தங்கிவிடுவதும் உண்டு என்றார். விரல் விஷயத்தைக் கேட்டதும் தம் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு சிரித்தார்.

“அப்போ நான் நெனச்சதெல்லாம் பொய்யா டாக்டர்?” என்று கேட்டார்.

“யார் பொய்னு சொன்னாங்க? உடம்பு வித்தியாசமா அமையறது ஒரு விஷயம். தான் ஆணா பொண்ணான்னு ஒருத்தருக்கு உள்ள தெரியறது வேற விஷயம். உடம்புல எதுவுமே இல்லாம உள்ள தெரியறவங்கதான் நெறையப் பேரு. இந்த டெஸ்ட்டு மொத விஷயத்தத்தான் பாக்கும். ரெண்டாவதப் பாக்க எங்கிட்ட மெஷின் இல்ல. நீங்கதான் சொல்லணும்.”

நீங்கதான் சொல்லணும் என்ற அந்த வார்த்தை அவரை ஆஸ்பத்திரி வாசல்வரை துரத்திக்கொண்டு வந்தது. அத்தனை வருடமும் எதைச் சொல்லாமல் தப்பிக்க டேப்பைப் பிடித்தாரோ அதையே சொல்லச் சொல்கிறார்கள். வீட்டுக்குப் போகாமல் இரண்டு பஸ் மாறி, மாறின பஸ்ஸிலேயே திரும்பி வந்தார்.

வீட்டில் அக்கா வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். மேசை மேல் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. துவைக்க எடுத்த சட்டைப்பையில் கிடைத்ததாம். அந்த முரட்டு அக்காவின் முகம் அப்படி வெளுத்து அவர் பார்த்ததே இல்லை. கான்சரா என்று கேட்டார். இல்லை என்றார். கிட்னியா என்று கேட்டார். இல்லை என்றார். பிறகு எதற்கு மூன்று வாரமாகப் பொய் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தாய் என்று அக்கா அதட்ட, முப்பது பிள்ளைகளும் அடங்குகிற அந்தக் குரலுக்கு அவருடைய வாய் தானாகத் திறந்துவிட்டது. தாம் ஆண்பிள்ளை இல்லை என்று சின்ன வயதிலிருந்தே மனசில் படுவதையும், அது உண்மையா என்று பார்க்கப் போனதையும் தரையைப் பார்த்துக்கொண்டு நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

மேசை மேல் இவர் கொண்டுவந்து வைத்த டெஸ்ட் முடிவுக் காகிதத்தை அக்கா எடுத்துப் பார்த்தார். அதில் இருக்கிற இங்கிலீஷ் அக்காவுக்கும் புரியாது, எதிர்வீட்டாருக்கும் புரியாது.

“பொறக்கும்போதே உடம்புல ஏதோ கோளாறுன்னு இதுல போட்டிருக்கா தம்பி?” என்று கேட்டார். குரல் தழைந்திருந்தது. “அப்படீன்னா சொல்லிடு. பொறப்புலயே அப்படின்னா யாரு என்ன சொல்ல முடியும்? நான் பாத்துக்கறேன். கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

கேட்டதைவிட, ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சியதுதான் அதிகம். ஒரு தலையசைப்பு போதும். அக்கா அழுது, மடியில் சாய்த்துக்கொண்டு, நாளைக்கே அதட்டலோடு ஊரை எதிர்த்து நிற்பார். காகிதம் பேசாது. டாக்டர் இங்கே வந்து மறுக்கப் போவதில்லை. இத்தனை வருடமும் எதற்காக ஏங்கினாரோ அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்த ஒரு அக்காவும் இல்லாமல் போனால் உலகத்தில் தமக்கு யார் என்றும் நினைத்துப் பார்த்தார்.

“இல்லக்கா. உடம்புல ஒண்ணும் இல்லைன்னுதான் போட்டிருக்கு” என்றார். “நானாத்தான் சொல்றேன்.”

அக்காவின் கையிலிருந்த காகிதம் மேசைக்கு இறங்கியது. இவர் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு எதிரே இருந்த நாற்காலியை அக்காவுக்கு நேராக இழுத்துப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.