பந்தலுக்காக வாங்கிய வீடு

மலேசியாவில் நீலாய் பக்கம் வீடு வாங்க நினைக்கும் தோட்டத்துச் சனங்கள் யோகேந்திரனை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை விட்டு வெளியேறியவர்களில் முதலில் சொந்த வீடு வாங்கியவர் அவர்தான். அதனால் வீட்டு விஷயத்தில் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு. மழை கொட்டும்போது போய்க் கூரையைப் பார் என்பார். சாயங்கால வெயில் எந்தச் சுவரில் அடிக்கிறதென்று பார் என்பார். பக்கத்து வீட்டுக்காரனோடு நாலு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போடாதே என்பார். எல்லாம் நல்ல யோசனைதான். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்பதை மட்டும் மனிதர் சொன்னதே இல்லை. எப்படிச் சொல்வார்? அவரே அதைச் செய்யவில்லையே!

அவர் வீடு வாங்கியது, தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்ன சமயத்தில். அவர் மனைவி லோகேஸ்வரி அப்போது சுங்கை காடுட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தாள். கம்பெனி பஸ் விடியுமுன் தோட்டத்து முச்சந்திக்கே வந்து பெண்களை ஏற்றிக்கொள்ளும். சாதாரண ஆளாகச் சேர்ந்து, தனக்குக் கீழே ஒரு வரிசைப் பெண்களை வைத்து வேலை வாங்கும் அளவுக்கு உயர்ந்திருந்தாள். பஸ்ஸில் அவள் ஏறினால் “லீடர் வந்தாச்சு” என்று இடம் விடுவார்களாம். அவளுக்கு ஒரே ஆசை, சிரம்பான் பக்கம் லோபாக்கில் ஒரு சின்ன வீடு. அவள் அக்காள் லெட்சுமி அங்கேதான் இருந்தாள். கடைத்தெரு நடக்கும் தூரம். கம்பெனி பஸ்ஸும் அந்த வழியாகத்தான் போகும்.

யோகேந்திரன் மனத்தில் இருந்ததோ வேறு. தோட்டத்தில் கல்யாணம் என்றால் லயத்துக்கு முன்னால் பந்தல் போடுவார்கள். ஆண்கள் கம்பு நடுவார்கள், பெண்கள் விடிய விடிய வெங்காயம் உரிப்பார்கள். தங்கை கல்யாணத்தில் அவர் தூக்கிய சாம்பார் வாளியின் கனம் இன்னும் கையில் இருப்பதாகச் சொல்வார். தன் ஒரே மகள் மோகனாவுக்கும் சொந்த வாசலில் பந்தல் போட்டுத்தான் தாலி ஏற வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தார். மகளுக்கு அப்போது பால்பல்கூட முழுசாக விழவில்லை!

நீலாய்க்கு உள்ளே தள்ளி, செம்பனைக் காட்டை வெட்டிப் போட்ட புது வீடமைப்புப் பகுதியில், பக்கவாட்டில் காலி நிலத்தோடு மூலை வீடு, கார்னர் லாட், ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டார். ஒருநாள் தனியாகப் போனார், பக்கவாட்டு நிலத்தைக் காலால் அளந்தார், அங்கேயே முன்பணத்தைக் கட்டிவிட்டார். அடுத்த ஞாயிறுதான் லோகேஸ்வரியைக் கூட்டிப்போனார். நிலத்தின் நடுவில் நின்று, “இங்க மணவறை, அங்க சமையலு, சனம் எல்லாம் இந்தப் பக்கம்” என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “பஸ் எங்கங்க நிக்கும்?” என்றாள்.

“வீட்டப் பாக்கச் சொன்னா பஸ்ஸ கேக்குறியே லா! ரயிலு இருக்கே.”

கம்பெனி பஸ் அந்தப் பக்கமே வராது. ரயில் இருந்தது. வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போகத்தான் வழி இல்லை. போனாலும் முதல் ரயில் வருமுன்பே அவளுடைய வேலை நேரம் தொடங்கிவிடும். கொஞ்ச நாள் இவர் காரில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார். இவர் வேலைக்குத் தாமதமானது. லோகேஸ்வரி வேலையை விட்டாள். கார் ஓட்டப் பழகிக்கொள்கிறேன் என்றபோது, “நான் இருக்கேன்ல, ஒனக்கு எதுக்கு அந்தத் தொல்ல?” என்று சொல்லிவிட்டார். பாசமாகத்தான் சொன்னார். பாசத்தோடு செய்த அநியாயம் அநியாயம் இல்லையா என்ன? பகல் முழுக்க அந்தத் தெருவில் எல்லா வீடும் பூட்டியிருக்கும். லீடர் என்று கூப்பிட ஆளில்லை.

மோகனாவின் கல்யாணம் சிரம்பானில் குளிரூட்டிய மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள், மகளும் அதையே கேட்டாள். “வெயில்ல யாருப்பா கூடாரத்துல ஒக்காருவா?” என்றாள். பந்தல் நிலத்தில் லோகேஸ்வரி முருங்கை நட்டாள்.

பிறகு லெட்சுமிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. துணைக்கு வா என்று தங்கையைத்தான் கூப்பிட்டாள். லோகேஸ்வரியால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே போக முடிந்தது, அதுவும் இவருக்கு ஓவர்டைம் இல்லாவிட்டால். அக்காள் இறந்துபோனது ஒரு வேலை நாளில். இவர் அனுமதி வாங்கி, வீட்டுக்கு வந்து, அவளை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். அன்றைக்கு அவள் இவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் மனிதர் அழுதாவது ஆறியிருப்பார்.

போன மாதம், இவரோடு வேலை செய்யும் வசந்தன் தன் இளம் மனைவி ஜனனியோடு வந்தான். பக்கத்திலேயே ஒரு கார்னர் லாட் பார்த்திருக்கிறானாம்.

“அண்ணே, ஒங்க வீடு மாதிரியே எடம். நாளப்பின்ன ஒரு விசேஷம்னா கூடாரம் போட்டுக்கலாம்!”

யோகேந்திரன் வழக்கமான கூரை, வெயில் பாட்டையெல்லாம் ஆரம்பித்தார். நடுவில் எதற்கோ ஜனனி பக்கம் திரும்பி, “நீ எங்கம்மா வேல செய்யிற?” என்று கேட்டார்.

“சுங்கை காடுட், அண்ணே.”

தேத்தண்ணி கொண்டுவந்த லோகேஸ்வரி தட்டை வைத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் நிதானமாகக் கேட்டாள்: “வீட்ட நீ பாத்தியாம்மா?”

“இன்னும் இல்லக்கா. அவரு பாத்துட்டாரு.”

“வசந்தா, அந்த வீடு வேணாம்” என்றார் யோகேந்திரன்.

“ஏண்ணே? மழைக்குத் தண்ணி ஏறுமா?”

“அதெல்லாம் இல்ல. மொதல்ல அந்தப் புள்ளைய கூட்டிட்டுப் போ. அது வேணான்னு சொன்னா, வேணாம்.”

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். எத்தனையோ வருஷத்துக்கு முன்பு கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டார்.

“லோகா, இத வித்துட்டு லோபாக்குக்கே போயிடலாமா? ஒனக்குப் புடிச்ச வீடா நீயே பாரு.”

அவள் காலிக் குவளைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள்.

“லோபாக்குல இப்ப யாருங்க இருக்கா?” என்றாள். “அக்கா இருந்தப்ப கேட்டிருந்தா, மறு பேச்சு பேசாம வந்திருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் குவளைகளைக் கழுவப் போய்விட்டாள்.