மூன்று நாற்பதுக்கு வடக்கே திரும்பிய கிரேன்

எங்கள் கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டியவரை எல்லாரும் மேலதிகாரி என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஜினீயருக்கும் மேலே, ஐம்பத்திரண்டு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பது, கீழே நின்று கிரேனுக்கு வழிகாட்டும் சிக்னல்காரரின் வாதம். மேலதிகாரிக்கு நாற்பத்தொரு வயது. அதிகம் பேசாதவர். காலை ஏழு ஐம்பதுக்கு ஏணியில் கால் வைத்தால் எட்டு மணிக்குக் கூண்டுக்குள் இருப்பார். அவர் இறக்கி வைத்த செங்கல் அடுக்கில் ஒரு கல்கூட மூலை உடைந்து நான் பார்த்ததில்லை.

பதிவேடுகள் என் பொறுப்பு. கிரேன் தூக்கும் ஒவ்வொரு சுமையையும் நேரம், எடை, எங்கிருந்து எங்கே என்று எழுத வேண்டும். பள்ளிக்கூடம் திறந்த மூன்றாவது வாரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. தினமும் மூன்று நாற்பது முதல் மூன்று ஐம்பது வரை ஒரு தூக்கும் இல்லை. வாக்கி டாக்கியில் காரணம் கேட்டேன். "காத்து" என்றார். ஆனால் காற்றளவுக் கருவியின் கணக்கும் என் மேசைக்குத்தான் வரும். அந்த நேரத்தில் ஒரு நாளும் கொடி அசையும் அளவுக்குக்கூடக் காற்று இல்லை. சனிக்கிழமை அவர் இறங்கி வந்ததும் இரண்டு தாளையும் முன்னால் வைத்தேன். பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பொண்ணு ஸ்கூல் விடுற நேரம் சார்."

மகளுக்கு அப்போது பதினோரு வயது நான்கு மாதம். ஒரே குழந்தை. முந்தைய வருஷம் வரை அம்மா போய்க் கூட்டிவருவார். அவருக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. இந்த வருஷம் ஷிப்ட் மாறிவிட்டது. அதே சமயத்தில் மகளுக்கு மூன்று சிநேகிதிகள் சேர்ந்திருந்தார்கள். நாலு பேருமாக நடந்து வரலாம், ஆனால் நேரே வீட்டுக்கு வர வேண்டும் என்று பேச்சு. பள்ளி வாசலிலிருந்து வீட்டுத் தெரு முனை வரை கூண்டிலிருந்து தெரியும். அந்தப் பத்து நிமிஷமும் கிரேனின் நீண்ட கையைத் தெற்கே திருப்பி வைத்துக்கொண்டு, அவள் முனை திரும்பும் வரை பார்ப்பார். சிநேகிதிகளின் முகம் அவருக்குத் தெரியாது. உச்சந்தலைதான் அடையாளம்: நேர்வகிடு, கோணல்வகிடு, தொப்பி.

ஓட்டுநருக்குப் பிற்பகலில் பத்து நிமிஷ இடைவேளை உண்டு. அதை அந்த நேரத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை நாலு தலையும் முனைக்கு வரவில்லை. வழியில் மூடிக்கிடந்த ஒரு செருப்புக்கடையின் படிக்கட்டுக்குத் திரும்பின. மேலே தகரக் கூரை. கீழே நடப்பது தெரியாது. இடைவேளை முடிந்தும் தெற்குப் பக்கத் தூக்குகளுக்கிடையே பார்த்துக்கொண்டே இருந்தார்; இருபத்தாறு நிமிஷம் ஒருத்தியும் வெளியே வரவில்லை. அன்று சாப்பிடும்போது, பள்ளி விட்டு எங்கே போனாய் என்று மகளிடம் கேட்டார். நூலகத்துக்கு என்றாள்.

"செருப்புக்கடை வாசல்ல ஏது நூலகம்?" என்று கேட்டுவிட்டார்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "மேலேருந்து பாக்கறீங்களா? தினமுமா?"

அவர் தலையாட்டினார். அவள் எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு கேட்டதற்கு ஆமாம், இல்லை; அதற்கு மேல் பேச்சு கிடையாது. பிறந்ததிலிருந்து வாய் ஓயாத பிள்ளை.

செவ்வாய்க்கிழமை வானம் தெளிவு. அதோடு மழை நின்று பத்தொன்பது நாள். இடைவேளைக்கு முந்திய கடைசித் தூக்கு எண்ணூறு கிலோ கம்பிக்கட்டு. அது பாதி வழியில் இருக்கும்போது, மூன்று நாற்பத்தொன்றுக்கு, பள்ளி வாசலில் நாலு குடைகள் விரிந்தன. நல்ல வெயிலில், தெருவில் வேறு யாரிடமும் குடை இல்லாதபோது, நாலும் ஒட்டிக்கொண்டு நகர்ந்தன. தம் மகள் எந்தக் குடைக்கடியில் என்று அவருக்குத் தெரியவில்லை. கம்பிக்கட்டு எழுபது விநாடி அந்தரத்தில் நின்றது.

"அண்ணே, கம்பியைக் காயப் போட்டிருக்கீங்களா?" என்றார் கீழே நின்ற சிக்னல்காரர்.

சுமையை இறக்கி வைத்துவிட்டு ஓட்டுநர் கீழே வந்தார். வேலை நேரத்தில் அவர் அப்படி வந்ததே இல்லை. என் அறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"என் கண்ணு படக்கூடாதுன்னு குடை பிடிக்கிறா சார்."

சிக்னல்காரர் பின்னாலேயே வந்து நின்றார். "கெட்டிக்காரப் பொண்ணு. வீட்ல என் பொண்டாட்டி கண்ணுல படாம இருக்க நானும் பத்து வருஷமா வழி தேடறேன், எனக்கு இது தோணலையே" என்றார். நான் சிரித்துவிட்டேன். ஓட்டுநர் சிரிக்கவில்லை. இனி அவள் எதையும் தம்மிடம் சொல்லமாட்டாள் என்பதுதான் அவர் பயம். எழுபது விநாடியை நான் எழுதத்தான் வேண்டியிருந்தது, எழுதினேன்.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னாராம். அவர் துணி மடித்துக்கொண்டே கேட்டாராம்: "இந்தக் கட்டடம் முடிஞ்சா அடுத்த வேலை எங்கேயோ. அங்கேருந்து இவ தலை தெரியுமா? அவளாச் சொன்னாத்தான் உண்டு. போய்ப் பேசுங்க."

மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இவர் தரையில் உட்கார்ந்தார்.

"நீ நூலகம்னு சொன்னே. நான் ஆபீஸ்ல காத்துன்னு சொன்னேன்" என்று ஆரம்பித்து, இரண்டு தாள் கதையைச் சொன்னார்.

"மாட்டிக்கிட்டீங்களா?"

"ஒரே வாரத்துல."

அவள் பேனாவை மூடினாள். கடை வாசலில் சும்மா பேசிக்கொண்டிருந்தோம் என்றாள். அப்படிச் சொன்னால் என்ன பேசினீர்கள் என்று கேட்பீர்கள், அதனால்தான் நூலகம். கேட்டிருப்பேன் என்று அவரும் ஒப்புக்கொண்டார். இனிமேல் பார்க்கமாட்டேன் என்றார்.

"நீங்க பாக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. கூண்டின் கண்ணாடி கிரேன் கை நீட்டிய பக்கம்தான் பார்க்கும்; பின்பக்கம் இரும்புத் தகடு.

"ஸ்கூல் வாசல்லேருந்து நிமிர்ந்து பாரு. கிரேன் கை வடக்கே இருந்தா அப்பாவுக்கு உன்னைத் தெரியாது. ஊருக்கே தெரியற விஷயம், நான் ஏமாத்த முடியாது."

"குடையை மடக்கினாத்தான் நான் கிரேனைப் பாக்க முடியும்" என்றாள் அவள்.

மறுநாள் ஏழரைக்கே என் அறைக்கு வந்துவிட்டார். மூன்றரை முதல் நாலு வரை தமக்கு இடைவேளை வேண்டாம், வடக்குப் பக்கத் தூக்குகளாகவே வேண்டும் என்றார். வடக்கு மாடிப்படி ஒன்பது நாள் பின்தங்கியிருந்தது. கான்கிரீட் வாளிகளை அந்த நேரத்துக்குப் போட்டேன். இன்ஜினீயர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார்.

முதல் நாள் மூன்று நாற்பத்திரண்டுக்கு சிக்னல்காரர் வாக்கி டாக்கியில், "அண்ணே, நான் வேணா எட்டிப் பாத்துச் சொல்லட்டுமா? குடை இருக்கா இல்லையான்னு?" என்று கேட்டார். கிரேன் கை வடக்கேயே நின்றது.

"வேண்டாம். வாளியைக் கட்டு."

வீட்டில் ஒன்றும் சட்டென்று மாறவில்லை. ஆமாம், இல்லை என்பதோடு இன்னும் நாலு வார்த்தை கூடியது, அவ்வளவுதான். ஒன்பதாவது வேலை நாள் வெள்ளிக்கிழமை. ஐந்து நாற்பதுக்கு அவர் இறங்கி வந்தபோது கட்டட வாசலுக்கு வெளியே நாலு பெண்கள் நின்றார்கள். மகள் ஒவ்வொருத்தியாகப் பேர் சொன்னாள். பிறகு அவரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய், ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். மூன்றிலிருந்து ஆறு வரை. அந்தச் சிநேகிதியின் அம்மா வீட்டில் இருப்பார். வீடு ஊரின் மறுகோடியில், பஸ்ஸில் போக வேண்டும். தொலைபேசி எண்ணைக் கேட்பதற்குள் எழுதி வைத்திருந்த சீட்டை நீட்டினாள்.

ஞாயிறு பிற்பகல் முழுவதும் அவர் மின்விசிறியைத் துடைத்தார், குழாய்க்கு வாஷர் மாற்றினார். ஐந்து ஐம்பதுக்கு போன் வந்தது.

"அப்பா, ஒரு ஆட்டம் பாதியில நிக்குது. இருபது நிமிஷம் லேட்டாகும்."

"முடிச்சிட்டு வா" என்றார்.

ஆறு பதினெட்டுக்கு வந்துவிட்டாள். திங்கட்கிழமை காலை ஏணிக்கடியில் நின்று அந்த நேரத்தை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். வந்தவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஆட்டத்தில் யார் ஏமாற்றினாள், யார் யாரோடு பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை என்று ஆரம்பித்திருக்கிறாள்.

"பாதி எனக்குப் புரியலை சார். சோறு ஆறிப்போச்சு. மணி ஏழே முக்கால் ஆச்சு, அவ நிறுத்தலை. நான் ஒரு கேள்வியும் கேக்கலை."