ஆயுத பூஜைக்கு மறுநாள் சுலோசனா போன வழி

சுலோசனாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் சைக்கிள் ஆசை வந்ததற்கு ஒரு வேலைநிறுத்தம்தான் காரணம். கொல்கத்தாவில் கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் அவளுக்கு வேலை, டாக்குரியாவில் வீடு. அன்றைக்கு பஸ்ஸும் இல்லை, டாக்சியும் இல்லை. ஏழெட்டு கிலோமீட்டர் நடந்தே வந்தாள். வழி நெடுக சைக்கிள்காரர்கள் அவளை முந்திக்கொண்டு போனார்கள். மீன்கூடை வைத்துக்கொண்டு ஒருவர், இரண்டு பக்கமும் பால்கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர், கடைசியில் தன்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண்மணி பான் மென்றபடி மணியடித்து "சொருன், சொருன்" என்று ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போனாள். அதைத்தான் சுலோசனாவால் தாங்க முடியவில்லை.

வீட்டில் மகள் அக்ஷரா விட்டுவிட்டுப் போன நீல சைக்கிள் பரணில் இருந்தது. அக்ஷரா புனேயில் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷமாகிறது. சைக்கிளை இறக்கச் சொன்னபோது கணவர் சந்தானம் மனைவியை மேலும் கீழும் பார்த்தார். ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முப்பத்தைந்து வருஷம் விபத்து நடக்காமல் பார்த்துக்கொண்ட மனுஷருக்கு உலகமே ஒரு விபத்தாகத்தான் தெரியும். பாத்ரூம் போகிற வழியில் ஈரம் இருந்தால்கூட ஒரு ஸ்டூலைக் குறுக்கே போட்டுத் தடுப்பு வைப்பார்.

"சரிட்டி, படிச்சுக்கோ. ஆனா ஒண்ணு சொல்லுதேன். மைதானத்துல விழுந்தா அது பயிற்சி. ரோட்டுல விழுந்தா அது விபத்து. ஒரே ஒரு விபத்து, சைக்கிள் திரும்பப் பரணுக்கு. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் சுலோசனா. ஆசை வந்தவளுக்கு எந்த நிபந்தனைதான் பெரிது?

கீழ்வீட்டு ஜர்னாதான் குரு. மைதானத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டே மூன்று வாரம் ஓடினாள். சுலோசனா பதினோரு தடவை விழுந்தாள். எல்லாம் பயிற்சிக் கணக்கில் போனது. பிறகு ஜர்னாவின் ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டியில் சேர்ந்துகொண்டாள். ரஞ்சன் என்ற பாங்க்காரர் முன்னால் போவார். கொல்கத்தாவில் பாதி பெரிய ரோடுகளில் சைக்கிள் போகக் கூடாது. அதனால் எந்தச் சந்து எங்கே முட்டும், எந்த முனையில் டிராஃபிக் சார்ஜென்ட் நிற்பார் என்பதெல்லாம் ரஞ்சனுக்குத்தான் பாடம். சுலோசனா எப்போதும் கடைசி. நான்கு மாதத்தில் ஏரியைச் சுற்றி, பாலிகஞ்ச் சந்துகளில், ஆற்றங்கரை வரைக்கும்கூடப் போய் வந்துவிட்டாள். ஆனால் வழி கேட்டால் சொல்லத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஜர்னாவின் முதுகு மட்டும்தான்.

துர்கா பூஜை வந்தது. தசமியன்று விடியற்காலையில், ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிய நியூ டவுனுக்குப் போவதென்று கோஷ்டி முடிவு செய்தது. அங்கே சைக்கிளுக்கென்றே தனிப் பாதை பச்சை வண்ணம் அடித்துக் கிடக்கிறது, ஒரு ஹாரன் சத்தம் இல்லாமல் போகலாம் என்று ஜர்னா சொல்லிச் சொல்லி, சுலோசனாவுக்குக் கனவிலும் பச்சையாகவே வந்துகொண்டிருந்தது.

அஷ்டமி சாயங்காலம் சுலோசனா வழக்கம்போல் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். கத்தரிக்கோல், அரிவாள்மணை, சந்தானத்தின் பழைய ஸ்பேனர், அலுவலக லேப்டாப். இந்த வருஷம் அவளுக்கென்று ஒரு வாகனமும் உண்டே. விடுவாளா? சைக்கிளைக் கழுவித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, ஹாண்டில்பாருக்குச் சாமந்தி மாலை போட்டுக் கூடத்தில் நடுநாயகமாக நிறுத்தினாள். பூஜையில் வைத்த ஆயுதத்தைத் தசமியன்று மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக்கூடாது.

பொட்டு காயவில்லை, போன் அடித்தது. ஜர்னா.

"சுலோசனா தீதி, தசமிக்கு விசர்ஜன ஊர்வலத்துக்காக ரோடு எல்லாம் அடைக்கிறார்களாம். ரஞ்சன் அண்ணா நாளைக்கே போகலாம் என்கிறார். காலை ஐந்து மணி!"

சுலோசனா மாலையும் கழுத்துமாக நின்ற சைக்கிளைப் பார்த்தாள். சந்தானத்தைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்க? பூசையில வச்சது நீ" என்றார் அவர்.

ஐம்பது வருஷப் பழக்கத்தை ஒரு போனுக்காக மீற அவளுக்கு மனம் வரவில்லை. கோஷ்டி அவள் இல்லாமல் போனது. நவமியன்று சுண்டல் தாளிக்கும்போது படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. பச்சைப் பாதையில் ரஞ்சன், பச்சைப் பாதையில் ஜர்னா, பச்சைப் பாதையில் எல்லோரும் கையில் மண்கோப்பை டீயுடன். சுலோசனாவுக்கு அழுகை வந்தது. வெங்காயம்கூட நறுக்கவில்லை, சாக்குச் சொல்ல.

"நாளைக்கு நான் தனியாப் போறேன்" என்றாள் கணவரிடம்.

"வழி தெரியுமா?"

"தெரியும்." இது சுத்தப் பொய்.

"நம்ம பேச்சு ஞாபகம் இருக்குல்லா?"

"இருக்கு."

தசமி காலை ஐந்தரைக்கு மறுபூஜை முடித்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்டாள். கஸ்பாச் சந்துகளில் பந்தல் விளக்குகள் அணைந்திருந்தன. மேளக்காரர்கள் தங்கள் டாக் மேளத்துக்குப் பக்கத்திலேயே சுருண்டு தூங்கினார்கள். முன்னால் முதுகு இல்லாமல் ரோடு ரொம்ப அகலமாகத் தெரிந்தது. பைபாஸ் வரைக்கும் கேட்டுக் கேட்டே வந்துவிட்டாள். அதைத் தாண்டியதும் மூங்கில் தடுப்பு. "சுற்றிக்கொண்டு போங்கள், மாஷிமா" என்று போலீஸ்காரர் கையைக் காட்டினார். சுற்றினாள். சுற்றியவள் எங்கே திரும்பினாளோ, வீடுகள் குறைந்தன, தார் ரோடு மண் ரோடானது, கடைசியில் எதிரே ஒரே தண்ணீர்.

நகரத்தின் கிழக்கு ஓரத்து மீன்வளர்ப்புக் குளங்கள் அவை. முப்பது வருஷம் இந்த ஊர் மீனைப் பார்த்திருக்கிறாள், குளத்தைப் பார்த்ததில்லை. இடுப்பளவு தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் நியூ டவுனுக்கு வழி கேட்டாள். அவர் வலையை விடாமல் தாடையால் காட்டினார். இரண்டு குளங்களுக்கு நடுவே நீண்ட வரப்பு. "சோஜா!" என்றார். நேராகப் போவதாம்.

போனாள். இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீரில் காலை வெயில், தூரத்தில் ஐ.டி. கம்பெனிக் கட்டடங்கள். அந்த அழகில் மயங்கியவள் வாத்துக் கூட்டத்தைக் கவனிக்கவில்லை. வாத்துகள் குறுக்கே வந்தன, பிரேக்கைப் பிடித்தாள், விழுந்தாள்.

முழங்கை சிராய்த்தது. செயின் கழன்று தொங்கியது. சேற்றில் உட்கார்ந்தபடியே போனைக் கையில் எடுத்தாள். ஒரு போன் போட்டால் சந்தானம் டாக்சி பிடித்து வந்துவிடுவார். சைக்கிளும் டாக்சியின் தலையிலேறி நேராகப் பரணுக்குப் போய்விடும். போனைப் பையில் போட்டாள். பஞ்சர் கடைக்காரர் செய்வதைப் பார்த்தது ஞாபகம் வந்தது. செயினைப் பின்பல்லில் மாட்டி, முன்பல்லில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னால் மெல்லச் சுற்றினாள். இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை கிளக்கென்று உட்கார்ந்தது. சுலோசனா வாய்விட்டுச் சிரித்தாள். வாத்துகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

அரை மணியில் பச்சைப் பாதை வந்தது. அதன் மேல் போனாள், வந்தாள், மறுபடி போனாள். மண்கோப்பையில் டீ குடித்தாள். ஜர்னா சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வரப்புக்கு இது உறை போடக் காணாது.

திரும்பும்போது மணி பத்தரை. கஸ்பாவில் ஒரு பந்தலில் சிந்தூர் கேலா தொடங்கியிருந்தது. அம்மனை வழியனுப்புமுன் சுமங்கலிகள் ஒருவர் மீது ஒருவர் குங்குமம் பூசிக்கொள்ளும் கொண்டாட்டம். சைக்கிளில் சேலையோடும் சேற்றோடும் வந்த மாமியை அவர்கள் விடவில்லை. நெற்றி, கன்னம், கழுத்து என்று அப்பினார்கள். சைக்கிளுக்கும் பூசினார்கள்.

பால்கனியில் ஒன்பது மணியிலிருந்து காத்துக்கொண்டிருந்த சந்தானத்துக்குத் தெருமுனையில் முதலில் தெரிந்தது முகமெல்லாம் சிவப்பாக வருகிற மனைவி. செருப்பில்லாமல் இரண்டு மாடி இறங்கி ஓடி வந்தார்.

"ஏட்டி! எங்கன அடி? தலையிலயா? ஐயோ, நான் போகவிட்டுருக்கக் கூடாதே!"

"குங்குமம்ங்க."

அவர் விரலால் கன்னத்தைத் தொட்டு, முகர்ந்து பார்த்தார். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இந்த மனுஷருக்குத் தன்மேல் இவ்வளவு பாசம் இருக்கிறது என்று சுலோசனாவுக்கு முப்பது வருஷமாகத் தெரியும். ஆனாலும் பார்க்க நன்றாக இருந்தது.

முழங்கை முந்தானைக்குள் இருந்தது. சேற்றுக்கு வேறு காரணம் சொல்லலாம். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் செயினைத் தானே மாட்டியதைச் சொல்லாமல் எப்படி இருப்பது? விழுந்ததைச் சொல்லாமல் எழுந்ததைச் சொல்ல முடியாதே.

"நான் விழுந்தேன்" என்றாள். "குளத்து வரப்புல, வாத்து குறுக்க வந்துட்டு. செயின் கழண்டு போச்சு. நானே மாட்டுனேன். ஒருத்தர் உதவி இல்லாம, வழியும் நானே கேட்டுப் போயி, நானே வந்துட்டேன்." கருத்துப் போன பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள்.

சந்தானம் விரல்களைப் பார்த்தார். முந்தானையை விலக்கி முழங்கையைப் பார்த்தார். பிறகு ரொம்ப நேரம் சைக்கிளைப் பார்த்தார்.

"பரண்ல ஏத்தணுமா?" என்று கேட்டாள்.

"ரோட்டுல விழுந்தாத்தானே விபத்து?" என்றார் முப்பத்தைந்து வருஷம் விதி பிசகாத சிக்னல் இன்ஸ்பெக்டர். "வரப்பை யாருட்டி ரோடுன்னு சொன்னா?"

சொல்லிவிட்டு எழுந்து, சைக்கிளைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, இரண்டு மாடி ஏறத் தொடங்கினார்.